அண்ணனின் ஜெர்மன் இடுப்பு

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சாக்கின் மேல்தான். குச்சியில் துணியைச் சுற்றி, கறுப்பு மையில் தொட்டு, மிளகு மூட்டைக்கு ஒரு எழுத்து, கொக்கோ மூட்டைக்கு ஒரு எழுத்து என்று சாண் உயரத்தில் எழுதிப் பழகிய கை இது. கொப்பியின் கோட்டுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதும் எனக்குச் சரிவரத் தெரியாது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை.

மாத்தளை டவுனில் மிளகு, கொக்கோ, கராம்பு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் கடை ஒன்றில் நானும் அண்ணனும் நாட்டாமையாக இருந்தோம். எங்கள் ஊரில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை, மூட்டை தூக்குகிறவர். எனக்குப் பதினாலு வயதில் அண்ணன்தான் கடைக்குக் கூட்டிப் போனார். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் இடது தோளில் தூக்குவார், நான் வலது தோளில் தூக்குவேன். லொறியின் பலகையில் ஏறும்போது இரண்டு பேரும் ஒரே அடியாக எடுத்து வைப்போம். பலகை ஆடாது. முதலாளி மற்றவர்களிடம் எங்களைக் காட்டி, "பாருங்கடா, ரெட்டை மாடு மாதிரி போறானுங்க" என்பார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அடுத்த வருடம் அண்ணன் வடக்கிலிருந்து போன கூட்டத்தோடு சேர்ந்து ஜெர்மனிக்குப் போய்விட்டார். அம்மா உயிரோடு இருந்தாள், அவளை விட்டு நான் போக முடியவில்லை. கடையைத் திரும்பக் கட்டினார்கள். நான் திரும்பவும் தூக்கினேன். அண்ணன் போன பிறகு இன்னும் பதினேழு வருடம் தூக்கினேன். ஒரு அந்தர் மூட்டை, ஐம்பது கிலோ வரும், சில நாள் ஒன்றரை அந்தர். இதை எதற்குச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

கடைசியில் வலது இடுப்பு விட்டுப்போனது. முதலில் காலையில் எழும்போது மட்டும் வலித்தது. பிறகு பலகை ஏறும்போது. பிறகு சும்மா இருக்கும்போதும். முதலாளி நல்லவர், போகச் சொல்லவில்லை. உட்கார்ந்து சாக்கின் வாயைத் தைக்கும் வேலை கொடுத்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டு முழுசாத் தேஞ்சிருக்கு. இதை மாத்தத்தான் வேணும்" என்றார். எங்கே மாற்றுவது, எப்போது, யாரைக் கேட்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. படத்தை வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அண்ணனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் காசு கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த வருடமே ஜெர்மனியிலிருந்து அண்ணனின் டெலிபோன் வந்தது. கடைப் போனில்தான் பேசுவார். "டேய், எனக்கு இடுப்பை மாத்திட்டாங்கடா. பழசை அறுத்து எடுத்துட்டுப் புதுசு வச்சிருக்காங்க" என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்னடா பேச்சக் காணோம்?" என்றார். "சந்தோசம்ணே" என்றேன்.

அன்றைக்குச் சாக்குத் தைக்கும் ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. என்னோடு பதின்மூன்று வருடம் தூக்கியவருக்குப் புது இடுப்பு. முப்பது வருடம் தூக்கியவனுக்குச் சாக்கு ஊசி. இதுதான் அன்றைக்கு என் மனதில் ஓடியது. அங்கே அவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறைக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை செய்தார் என்பதோ, அவருக்கும் வலித்திருக்கும் என்பதோ எனக்குத் தோன்றவில்லை.

2007ஆம் வருடம், அம்மன் கோயில் மாசித் தேருக்கு அண்ணன் வந்தார். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு. அண்ணிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் வந்தார். வாசலில் வேன் நின்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து இரண்டு படி இறங்குவதற்குள் அவர் இறங்கி, முடுக்கில் நடந்து, என் முன்னால் வந்து நின்றுவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. நடை மட்டும் லொறிப் பலகையில் ஏறிய அதே நடை. "என்னடா, கெழவன் மாதிரி சாஞ்சு நிக்கிற?" என்று சிரித்துத் தோளில் தட்டினார். என் மனைவியும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீடு ஒரு கண்காட்சி ஆகிவிட்டது. எங்கள் லயின் வீடுகளில் இருந்த எல்லாரும் அண்ணனின் இடுப்பைப் பார்க்க வந்தார்கள். என் மனைவியே கூப்பிட்டு விடுவாள். "அத்தான், ஒருக்கா அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டுங்க" என்பாள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பார். குந்தி எழும்பிக் காட்டுவார். தொடை எலும்புக்குள் ஒரு தண்டு, அதன் மேல் உருண்டை, இடுப்பில் ஒரு கிண்ணம், உருண்டை கிண்ணத்துக்குள் சுழலும் என்று கையை வைத்து விளக்குவார். ஜெர்மன் ஆஸ்பத்திரி கொடுத்த அட்டை ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதையும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள்.

கோடி வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் திரும்புங்க தம்பி" என்று அண்ணனின் இடுப்பில் வைத்தார். காந்தம் கீழே விழுந்தது.

"அட, ஒட்டுதில்லையே! ஜெர்மன்காரன் ஒங்களுக்குப் பிளாஸ்டிக்க வச்சு ஏமாத்திட்டான்."

"நானா, இது டைட்டேனியம். காந்தத்துல ஒட்டாது. ஆனா ஏர்போட்ல கத்தும். கீ கீன்னு கத்தும். நான் அட்டையக் காட்டுவேன். சல்யூட் அடிக்காத கொறையா விடுவானுங்க."

"அப்ப நம்ம தம்பிட இடுப்பு?" என்று நானா என்னைப் பார்த்தார்.

"அது உள்ளூர் சாமான் நானா" என்றாள் என் மனைவி. "ராவானா கதவு மாதிரி சத்தம் மட்டும் போடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், அது எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய கண் அண்ணன் நடக்கும் பக்கமே போய் வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பான பார்வை இல்லை. கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் சாமானைப் பார்க்கும் பார்வை. தன் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாமே என்ற பார்வை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று வாரத்தில் அந்த இடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் மிச்சமில்லை. எத்தனை அங்குலம் வெட்டினார்கள், எத்தனை தையல், எத்தனையாவது நாள் நடக்க விட்டார்கள், அட்டையில் எந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் பாடம். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன்.

தேரன்று அண்ணன் வடம் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் எப்போதும் இடது வடத்தில் நிற்போம். அன்றைக்கு நான் கடைக்காரர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தேன். தேர் அசைந்து வந்தது. இடது வடத்தில், முதல் வரிசையில், வேட்டியை வரிந்து கட்டி, வெறுங்காலோடு, தார் கொதிக்கும் ரோட்டில் அண்ணன். "டேய் தம்பி!" என்று அங்கிருந்தே கையைத் தூக்கினார். நான் சர்பத் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். என் பக்கத்தில் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மனுக்குப் போட்டாளா, அவருக்குப் போட்டாளா என்று யோசித்தேன். அம்மன் வரும் நேரத்தில் யோசிக்கிற யோசனையா அது? ஆனால் யோசித்தேன்.

தேர் முடிந்து மூன்றாம் நாள், "நாலந்தா வரைக்கும் போயிட்டு வருவோம்டா" என்றார். அந்தக் காலத்தில் நாவுல பக்கம் வெங்காயம் ஏற்றப் போகும்போது நாலந்தாவில்தான் லொறியை நிறுத்திக் குளித்துச் சாப்பிடுவோம். மனைவி வேன் பிடிக்கச் சொன்னாள். அண்ணன் கேட்கவில்லை. "பஸ்ஸில போவோம். நான் நின்னுக்கிட்டே வருவேன்" என்றார். அப்படியே பலாபத்வல தாண்டும் வரைக்கும் நின்றார். எனக்கு ஒரு சிங்களப் பெண்பிள்ளை என் காலைப் பார்த்து இடம் கொடுத்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவர் என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்து நிற்க, நான் உட்கார்ந்து போனேன்.

நாலந்தாவில் ரோட்டிலிருந்து உள்ளே நடந்து, வாவிப் பக்கம் போய், படி இறங்கி, கல்லுக் கோயிலுக்குப் போக வேண்டும். பாதி வழியிலேயே என்னால் முடியவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அண்ணன் போனார். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. தண்ணீர் ஓரம் வரை இறங்கி ஏறினார். அங்கிருந்து, "வாடா! ஒன்னும் செய்யாது, வா!" என்று கூப்பிட்டார். நான் தலையை ஆட்டினேன். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுக்கூட வாங்காமல் சொன்னார்:

"ஒனக்கும் இந்த மாதிரி ஒன்னு வச்சா நல்லாத்தான் இருக்கும். என்ன செய்றது, இந்தச் சாமானெல்லாம் இங்க கெடைக்காதே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு நாவுலவுக்குப் போய் வெங்காய ஸ்டோரையும் பார்த்துவிட்டு வருவோம் என்று எழுந்தார். எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல இருந்தது. உதறவில்லை. மூன்று வாரமாக அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உனக்கு எப்படி இருக்கிறது, டொக்டரிடம் காட்டினாயா, நான் ஏதாவது செய்யவா, இதில் ஒன்று. அவர் கேட்டது ஒன்றுமில்லை. கிடைக்காதே என்று முடித்துவிட்டார்.

நாவுல பஸ் நல்ல கூட்டம். கொஞ்ச தூரத்தில் செக்பொயின்ட் வந்தது. யுத்தம் திரும்பத் தொடங்கியிருந்த காலம். எல்லாரும் பையோடு இறங்கி, வரிசையாக நடந்து, மறுபக்கத்தில் பஸ் ஏற வேண்டும். எங்களுக்கு அது பழக்கம். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அண்ணனிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது.

எனக்கு முன்னால் அண்ணன் நின்றார். சின்ன வயதுப் பட்டாளத்துப் பையன் ஒருவன் கையில் பிடிக்கும் கருவியை அவர் உடம்பில் மேலிருந்து கீழே கொண்டுவந்தான். இடுப்புக்கு வந்ததும் அது கத்தியது. பையில் இருப்பதை எடுக்கச் சொன்னான். எடுத்தார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னான். கழற்றினார். திரும்பவும் கத்தியது. அவன் முகம் மாறிவிட்டது. இரண்டு அடி பின்னால் போய்த் துவக்கைத் தூக்கினான். பக்கத்தில் நின்றவனும் தூக்கினான். வரிசையில் இருந்தவர்கள் தானாக விலகினார்கள்.

அண்ணனுக்குச் சிங்களம் தெரியும். என்னைவிட நன்றாகவே பேசிக்கொண்டிருந்தவர். ஆனால் துவக்கைப் பார்த்ததும் அவர் வாயில் ஜெர்மன் வந்தது. இருபத்து மூன்று வருடம் காக்கி போட்டவனிடமும் வெள்ளை போட்டவனிடமும் அந்தப் பாஷையில்தானே பதில் சொல்லிப் பழகியிருக்கிறார். கடகடவென்று ஜெர்மனில் பேசி அட்டையை நீட்டினார். அவன் வாங்கிப் பார்த்தான். புரியாத எழுத்து, நீள நீளமாக நம்பர்கள், ஒரு இயந்திரத் துண்டு மாதிரிப் படம். அதைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். சிங்களத்தில் கேட்டான்.

"இவர் யார்?"

"என் அண்ணன்."

"இவர் காலுக்குள் என்ன இருக்கிறது?"

"மம தன்னே நே" என்றேன். எனக்குத் தெரியாது.

பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் நம்புவார்கள். பயமும் இருந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தது பயம் இல்லை. அவன் கேட்ட அந்த நொடியில் எனக்குள் ஒரு சின்னக் குரல், 'காட்டட்டும், இவங்களுக்கும் நடந்து காட்டட்டும்' என்றது. அது என்னுடைய குரல்தான்.

அண்ணனைத் தகரக் கொட்டகை ஒன்றுக்குள் கூட்டிப் போனார்கள். என்னுடைய அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, ரோட்டோரத்துச் சின்னப் பாலத்தின் போக்குக் கட்டுமேல் உட்காரச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது.

முதல் அரை மணி நேரம் என் இடுப்பு வலிக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. வெயிலில், அந்தக் கட்டுமேல், ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தேன். மற்ற நாளில் பத்து நிமிடம் அப்படி இருக்க முடியாது. அன்றைக்கு வலி இல்லை. ஒரு நிம்மதி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கொட்டகைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கதிரை, மேசை ஏதாவதாக இருக்கலாம். அப்போது பழைய வலி வந்துவிட்டது. எழுந்தேன். கொட்டகைக்கு முப்பது அடி தூரம் இருக்கும். போய், 'ஐயா, அது ஒப்பரேசன் செய்த கால், ஜெர்மனியில் வைத்தது' என்று சொன்னால் முடிந்துவிடும். எனக்குச் சிங்களம் வரும். வாக்கியத்தைக்கூட மனதுக்குள் ஒழுங்கு செய்துவிட்டேன். ஆனால் முன்னே தெரியாது என்று ஏன் சொன்னாய் என்று கேட்பார்களே? உட்கார்ந்தேன். இன்னொரு தடவை எழுந்தேன். கால் பிடித்துக்கொண்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் இப்படிப் போனது.

கடைசியில் ஒரு ஜீப் வந்தது. அதில் மருந்துப் பையோடு ஒரு ஆள் இறங்கிப் போனார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் தழும்பைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாராம். அவர்களுடைய ஆஸ்பத்திரியில் அப்படி இரும்பு வைத்த பையன்கள் எத்தனையோ பேராம். அண்ணனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, கையைக் குலுக்கி அனுப்பினார்கள். கருவி பிடித்த பையன் வெளியே வரை வந்து, "மன்னிக்கணும் மாமா" என்று சிங்களத்தில் சொன்னான்.

அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பெல்ட் ஒரு கையில், சப்பாத்து ஒரு கையில். மூன்று மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள். நொண்டிக்கொண்டு வந்தார். அவர் நொண்டியதை அந்த மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாத்தளை பஸ் நிற்கும் இடம் வரைக்கும் இரண்டு பேரும் நொண்டி நொண்டி நடந்தோம். ஒரே அடியாக விழுந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சாகலாம் போலவும் இருந்தது.

அவர்தான் முதலில் பேசினார்.

"நீ தெரியாதுன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சுடா."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"நல்ல வேலை செஞ்ச. தெரியும்னு சொல்லியிருந்தா ஒன்னையும் உள்ள இழுத்திருப்பானுங்க. ரெண்டு பேர் கதையும் கொஞ்சம் மாறினாப் போதும், அவ்வளவுதான். எனக்கு அந்த நேரத்துல மூளையே வேல செய்யல. ஒனக்கு வேல செஞ்சிருக்கு பாரு."

"இல்லண்ணே..." என்றேன்.

"என்ன இல்ல?"

பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். பஸ் வரவில்லை.

கல்லில் உட்கார்ந்து அவர் சப்பாத்தைப் போட்டார். போட்டுக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார். ஜெர்மனியில் ஒப்பரேசன் முடிந்த பிறகு, வலி எவ்வளவு என்று நர்ஸ் நம்பரில் கேட்பாளாம். ஒன்று என்றால் கொஞ்சம், பத்து என்றால் தாங்க முடியாதது. அண்ணன் எப்போதும் மூன்று என்றே சொன்னாராம்.

"ஏண்ணே மூனு?"

"பத்துன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சுடா. வந்த எடத்துல படுக்கக் கட்டில் குடுத்து, புது எலும்பும் குடுக்குறானுங்க. அதுக்கு மேல வலிக்குதுன்னு வேற சொல்லணுமா? ஒங்க அண்ணிக்கு வேல, வாரத்துல ஒரு நாள் வருவா. பக்கத்துக் கட்டில் கெழவனுக்கு மட்டும் தெனமும் ஆள் வரும், பூ வரும். எனக்கு அவனப் பாத்தாப் பத்தி எரியும். நம்ம தம்பி ஒருத்தன் பக்கத்துல இருந்தாப் போதும்னு நெனச்சுக்குவேன். இன்னைக்கு அந்தக் கொட்டகையில நிக்கிறப்பகூட அதுதான். தம்பி வெளிய இருக்கான், பயமில்லன்னு."

அந்தக் கூச்சம் எனக்குத் தெரிந்த கூச்சம். எங்கள் அம்மா கொடுத்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துப் பற்றிய அந்த நெருப்பும் எனக்குத் தெரிந்ததுதான். அதைக்கூட அவர் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் என்று அதிலும் எனக்கு ஒரு பொறாமை வந்தது. என்னுடையதை நான் இப்போதுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். "ஒம் புருசன் இருக்கானே, பேசாத ஆளுன்னு நெனைக்காத. எங்க பேசக்கூடாதுன்னு தெரிஞ்சவன்" என்றார். கோடி வீட்டு நானாவும் வந்து கேட்டார். "தம்பி, ஒங்கட மூளைக்கும் ஒரு காந்தம் வச்சுப் பார்க்கணும்" என்றார். என் மனைவி அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை, தேரன்று வடத்தைப் பார்த்த அதே பார்வை. நான் இத்தனை நாள் ஆசைப்பட்டது அதற்குத்தான். கிடைத்தது. தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். எல்லாரும் அடக்கம் என்று நினைத்தார்கள்.

அவள் அதோடு விடவில்லை. எழுந்து போய் அலுமாரிக்குப் பின்னால் இருந்த படத்தை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். "ஆறு வருசமா ஒளிச்சு வச்சிருக்காரு அத்தான். ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு என் வாயையும் அடைச்சு வச்சிருந்தாரு. இன்னைக்கு என்னால முடியல."

அண்ணன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடுப்புப் படம் அவருக்குப் படிக்கத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். "என்னோடதவிட மோசம்டா" என்றார். பிறகு, "ஏண்டா சொல்லல? நீ சொல்லுவேன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். நானாக் கேட்டா, காசு வந்த திமிருன்னு நெனச்சுக்குவியோன்னு பயந்தேன்" என்றார்.

இரண்டு பேரும் மூன்று வாரம் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அண்ணன் ஜெர்மனிக்குத் திரும்பிப் போன மூன்றாம் மாதம் போன் வந்தது. "விசாரிச்சுட்டேன்டா. கெடைக்காதுன்னு நான் சொன்னது தப்பு. இப்ப கண்டியிலயே செய்றாங்களாம். நீ போய் டொக்டரப் பாத்து ஒரு தேதி மட்டும் எடு. நான் லீவு போட்டுட்டு வந்து ஒங் கட்டில் பக்கத்துலயே இருப்பேன். நீ பத்துன்னா பத்துன்னு சொல்லணும், தெரியுதா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தேதி எடுத்தியா?" என்பதுதான். மிளகு சீசன் என்றேன். மழை என்றேன். கடையில் ஆள் இல்லை என்றேன். மனைவி கோபித்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். பயந்தாங்கொள்ளி என்று லயின் முழுக்கச் சொல்லிவிட்டாள். கத்திக்கு எனக்குப் பயம் இல்லை. இந்த உலகத்தில் நான் வேறு எதையும் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை. இப்போது கக்கூசுக்குப் போகவே கம்பு வேண்டியிருக்கிறது. ஆனால் டொக்டரைப் பார்க்கக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் போக்குக் கட்டும் அந்த அரை மணி நேரமும் முன்னால் வந்து நிற்கின்றன. புத்திசாலித் தம்பிக்கு என்று நினைத்துத்தான் அவர் இதைக் கொடுக்கிறார். அந்தத் தம்பி நான் இல்லை.

போனில் சொல்ல நாலு தடவை முயன்றேன். கடையில் எல்லாரும் இருக்கிறார்கள், வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கொப்பி. சாக்குத் தைக்கிற இடத்தில், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், யாரோ தெரியாத ஆளுக்குச் சொல்வது மாதிரி பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினேன். நாளைக்கு அண்ணனுக்கே தபாலில் போடுவேன். அண்ணே, இந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் எல்லாம் படித்துவிட்டீர்கள். இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இப்போதும் நீங்கள் நடப்பதை நினைத்தால் எனக்கு எரிகிறது. ஒப்பரேசன் செய்தால் போய்விடுமா என்று தெரியவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுத் தேதி எடுத்தாயா என்று கேட்டால், அடுத்த நாள் காலையில் முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போவேன். கேட்காவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். அது பொய், அதனால் எழுதவில்லை.

இன்னும் இரண்டு மூன்று நாளில் தேர். கடைக்கு முன்னால் பந்தல் போடுகிறார்கள், சத்தமாக இருக்கிறது. நீங்கள் கேட்ட தேதி என்னிடம் இன்னும் இல்லை. இதை எழுதி முடித்த தேதிதான் இருக்கிறது.

மாத்தளை,
2009 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை.